ஒற்றைக்கால்

இரண்டே முக்கால் கிலோ என்றார் கண்டிக் கடைக்காரர்.
நாள் வாடகை ஆறாயிரம்.
விழுந்து உடைந்தால் வீட்டு உறுதியைக் கொண்டு வா என்றார்.
லயத்துக் காம்பராவுக்கு உறுதி ஏது?
தைரியமாய்க் கையெழுத்துப் போட்டேன்.

பொகவந்தலாவையில்
மேற்கணக்குப் பெண்களுக்கும் பணியக்கணக்குப் பெண்களுக்கும்
அரையிறுதி.
கோட்டோரம் படங்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கூட்டம்.
ஹட்டனிலிருந்து வந்திருந்த இர்ஷாத்
என் மோனோபொட்டைப் பார்த்துச் சிரித்தான்:
“ஜெசிந்தா, எதற்கும் ஒற்றைக்காலில்தான் நிற்பாயா?”

அவனுடைய லென்ஸும் அதே பாரம்.
இடது உள்ளங்கையில் ஏந்தி
முழங்கையை விலாவில் குத்தி
மூச்சைப் பாதியில் நிறுத்தி எடுப்பான்.
பந்து போகும் பக்கமெல்லாம்
அவன் இடுப்புக்கு மேல் எல்லாம் போகும்.

என் கால் முதலில் சேற்றுக்குள் போனது,
நாலு விரற்கடை.
யாரோ ஒரு பால்மாப் பேணி மூடியை உருட்டிவிட்டார்கள்.
அதை அடியில் கொடுத்ததும் நின்றது.

மேலே எழுந்த பந்துகளையெல்லாம் கோட்டைவிட்டேன்.
அண்ணாந்து பார்க்க ஒற்றைக்காலுக்குத் தெரியாது.
கம்பைச் சரித்து, நானும் முழங்கால் மடித்து,
வ்யூஃபைண்டருக்குள் வானத்தைக் கொண்டுவருவதற்குள்
பந்து யாரோ ஒருத்தியின் நெஞ்சில் இறங்கி
அடுத்தவள் காலுக்குப் போயிருக்கும்.
இடைவேளையில் இர்ஷாத் தன் திரையைக் காட்டினான்.
காட்டவென்றே காட்டினான்.
ஆயிரத்தில் ஒரு நொடி வைத்தால்
கை நடுக்கம் படத்தில் விழாதாம்.

சரிதான். படத்தில் விழாது.
தோளில் விழும்.
அறுபத்தெட்டாம் நிமிடம்
லென்ஸை மடியில் இறக்கி மணிக்கட்டை உதறினான்.
அந்த உதறலுக்குள்
மேற்கணக்கு ஒரு கோல் போட்டது.

அது என்னிடம் இருக்கிறது.
பெருமைப்பட ஒன்றுமில்லை.
பாரத்தை நிலம் வாங்கிக்கொண்டதால்
கண்ணுக்கு வேறு வேலை இருக்கவில்லை.

பிறகு மூடுபனி,
ஆற்றுப் பக்கமிருந்து, டிக்கெட் எடுக்காமல்.
லென்ஸ் முன்னும் பின்னும் தேடி முனகியது.
கடைசி நிமிடம். கோர்னர்.
தன் கம்பங்களை அனாதையாய் விட்டுவிட்டு
பணியக்கணக்குக் கோல்காரி திலோஜினி
மைதானத்தின் முழு நீளமும் ஓடி வந்தாள்,
வலது சப்பாத்து வாயைப் பிளந்தபடி.

திருகைத் தளர்த்தி லென்ஸைப் பிடுங்கினேன்.
கம்பு மூடியின்மேல் ஒரு கணம் யோசித்து விழுந்தது.
இரண்டே முக்கால் கிலோவும்
அன்றைக்கு முதல்தடவையாக என்மேல் ஏறியது,
வாடகையோடு, இல்லாத உறுதியோடு.
ஓடினேன். நின்றேன். அவள் எழும்பினாள்.

நெற்றி, நெற்றியில் சேறு,
நசுங்கிய பந்து, அதற்கு அந்தண்டை
யூக்கலிப்டஸ் கம்பம்.
பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பிவிட்டது.
விசில்.

கொழும்புப் பத்திரிகையில் மூன்று பத்தி அகலத்துக்கு வந்தது.
“கையில் பிடித்து எடுத்தீர்களோ?
சரிந்திருந்தது, நேராக்கிப் போட்டிருக்கிறோம்”
என்று பக்கம் கட்டுபவர் செய்தி அனுப்பினார்.
கம்பம் நெட்டுக்குத்தாக நிற்கிறது.
பெண்கள், நடுவர், குடைகள், தேயிலைச் செடிகள்
எல்லாம் மறுபக்கம் சரிந்து,
பெருங்காற்று ஒன்று அடித்ததுபோல்.

அந்தக் கம்பம்
போன வருஷ மழைக்கே உள்பக்கம் சாய்ந்தது.
என் கை நேராகத்தான் இருந்தது.
யாரிடம் போய்ச் சொல்ல?

ராத்திரி திலோஜினி அழைத்தாள்.
படம் நல்லாயிருக்கு என்றாள்.
கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு,
“அக்கா, அந்தக் கம்பத்த எப்ப நிமித்துனாங்க?
அன்னைக்கே நிமித்தியிருந்தா
உள்ள போயிருக்குமே.”