துருத்தடம்

நேமத்தான்பட்டிக்கு மேற்கே, கல்வட்டத்துக்குள்,
மூன்றாம் தாழியில் வாள் இல்லை.
கிடந்த தடம் இருந்தது:
முழங்கை நீளத் துரு,
சரளை மண்ணைவிட ஒரு பிடி கூடுதல் சிவப்பு.

'களவு' என்று எழுதச் சொன்னார்கள்.
பென்சிலைக் கூராக்கினேன்.
குழிக்குள்ளிருந்து வெள்ளைக்கண்ணு:
"களவாண்டவன் மூடிய மறுபடி பொருத்தி
மண்ணத் தள்ளி
கல்லையும் நிமித்தி வச்சுட்டா போவான்?"

பிறகு அவளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.
மூன்று வருஷம் பொய்த்து
நாலாம் வருஷம் மேகம் இறங்குகிறது.
கொழு தேய்ந்து விரலாகிவிட்டது.
ராத்திரி தாழியைத் திறக்கிறாள்.
"உனக்கு அங்கே யாரோடு சண்டை?
கொடு" என்கிறாள்.

உலையில் வாள் மூன்றாக மடிகிறது.
மடிப்புக்கு மடிப்பு மணல் தூவி
பழைய கொழுவின் மிச்சத்தையும் சேர்த்து அடிக்கிறான் கொல்லன்.
கூலி, நுனியில் இரண்டு விரல்
(அதில் ஒரு குத்தூசி; பிறகு, வேறோர் ஊரில், தூண்டில்முள்).
நெருப்பும் தன் பங்கைச்
செதிலாக உரித்துக்கொள்கிறது.
விடிவதற்குள் ஏர் பூட்டியாயிற்று.

எங்கள் பெட்டிகளில் இருப்பதெல்லாம்
இறந்தவர்களுக்கு விட்டுக்கொடுத்த இரும்பு.
இருந்தவர்கள் மிச்சம் வைக்கவில்லை.

'களவு' என்பதை அடித்தேன்.
பக்கத்தில் என்ன எழுதுவது?
காகிதத்தில் ஒரு துளி விழுந்தது.
"நோட்ட மூடுங்க" என்ற வெள்ளைக்கண்ணு
முதலில் தன் மண்வெட்டியைத்தான்
தார்ப்பாய்க்குள் தள்ளினார்.
லாரிப் பட்டையில் அடித்தது,
புதுவயலில், போன மாசிக்கு.