தேருக்குப் பின்னால்

அப்பா தேரின் முகத்தைப் பார்த்ததில்லை.
இருபத்தாறு பூசம்
அதன் முதுகைப் பார்த்தபடியே நடந்தார்,
நகராண்மைக் கழகத்தின் மஞ்சள் சட்டையில்,
தோளில் மண்வெட்டியோடு.

இன்று நான் அவர் நேரத்துக்கு வந்திருக்கிறேன்.
பினாங்கு வீதியை விட்டுத் தேர் நகர்ந்து
முக்கால் மணி நேரம்.
சூடம் எரிந்த இடங்களில் கறுப்பு வட்டங்கள்.
மாலை விற்றவன் முக்காலியை மடிக்கிறான்.

சூலியா வீதி தாண்டினால் தேங்காய்.
கணுக்கால் வரை தேங்காய்.
சீனர் கடை வாசலில் இன்னும் ஒரு குவியல் பாக்கி;
முதலாளி வலது தோளைத் தேய்த்துக்கொண்டு
கடைசி இருபதை மகனிடம் விடுகிறார்.
ஒவ்வொன்றும் எதற்காகவோ உடைகிறது:
பரீட்சை, கடன், கர்ப்பப்பை,
கப்பலுக்குப் போன தம்பி.
உடைந்த பிறகு எல்லாம் ஓடு.
"ஓட்டுல பேர் எழுதியிருக்காதுடா, அள்ளு" என்பாராம்
புதிதாய் வந்த பையன்களிடம்.

வீட்டில் அம்மாதான் தேங்காய் உடைப்பாள்.
அந்த ஒரு நிமிடம் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.
பூசம் முடிந்த விடியலில் வருவார்,
உடம்பெல்லாம் புளித்த தேங்காய்த் தண்ணீர் வாடை.
வாசலிலேயே நிறுத்தி
ரப்பர்க்குழாயால் அடிப்பாள் அம்மா,
லோரியைக் கழுவுவது போல.
இருவரும் சிரிப்பார்கள்.
எதற்கென்று தெரியாமல் நானும்.

டத்தோ கிராமாட் சாலையில் வெயில் ஏறுகிறது.
வெறுங்கால். நேர்த்திக்கடன் ஒன்றுமில்லை;
அவருடைய பூட்ஸ் எனக்குப் பெரிது, அவ்வளவுதான்.

மருத்துவமனைத் திருப்பம்.
பூட்ஸ் கிழிசலில் நுழைந்த ஓட்டுச் சில்லு,
சர்க்கரை, ஆறாத புண்.
முதலில் சுண்டுவிரல், பிறகு இன்னும் இரண்டு, பிறகு பாதம்.
மீதி அப்பாவை
மூன்று வருடம் கழித்து எரித்தோம்.
அந்தப் பாதத்தை எங்கே வைத்தார்கள் என்று
நாங்கள் யாரும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

பையில் ஒரு தேங்காய் இருந்தது.
இங்கேதான் வீசினேன்.
பிறகு குனிந்து பொறுக்கினேன்.
தண்ணீர்ப்பந்தல் பெண் ஓடிவந்தாள்:
"விடுங்கக்கா, அள்ள ஆள் வருவாங்க."

வந்தார்கள்.
மஞ்சள் சட்டை. பெயர் கேட்டேன், ரஃபீக்குல்.
என் கையைப் பார்த்துவிட்டுக் கூடையை நீட்டினார்.
போட்டேன்.
ஒரு சில்லு மட்டும் அகப்படவில்லை.
அவரும் சற்று நேரம் தேடினார்,
நான் எதைத் தொலைத்தேன் என்று தெரியாமல்.

மலையடிவாரத்தில் இருட்டிவிட்டது.
லோரிகள் இங்கேயே திரும்பும்; அப்பாவும் இங்கேயே.
அவர் ஏறாத ஐந்நூற்றுச் சொச்சம் படிகளும்
விளக்கு வெளிச்சத்தில் மனிதர்களாக அசைகின்றன.
நான் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து
குதிகாலைத் திருப்பிப் பார்க்கிறேன்.
சின்னக் கீறல்தான்.
யாரோ மைலோ கொடுத்தார்கள், சூடாக.
குடித்துவிட்டு ஏறலாமா
என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது
பின்வாக்கில் வருகிற லோரியின் பீப், பீப்.

எழுந்து ஒதுங்குகிறேன்.
வரட்டும், இன்னும் கொஞ்சம் வரட்டும் என்று
கை தானாகச் சைகை காட்டுகிறது.