இரண்டு நாற்காலி

அறுபதடி ரோட்டில் மழை ஓய்ந்த இரவு.
மாடியில் பத்து மெஷின், பாதி தைத்த பைகள்.
தேர்தலுக்கு இன்னும் ஒன்பது நாள்.
ஜெபக்கனிக்குக் கிடைத்த சின்னம் தையல் மெஷின்.
குலுக்கலில் விழுந்ததுதான்,
கேட்டு வாங்கியதுபோல் பேசிக்கொண்டோம்.

கட்சிக்காரர் செருப்பைக் கழற்றாமல் ஏறி வந்தார்.
சேரி என்ற பெயரை ரயிலில் விட்டு வந்தவர்களுக்கு
லேபர் கேம்ப் என்று பெயர் வைத்த ஊர் இது.
அன்றிலிருந்து எங்கள் ஓட்டை எண்ணாமலே
தன் கணக்கில் வரவு வைத்த கட்சி.
"ஒதுங்கிட்டோம்னு ஒரு நோட்டீஸ் போடு தங்கச்சி.
வார்டு கமிட்டியில உங்காளுகளுக்கு ரெண்டு நாற்காலி.
யாருன்னு நாங்க பாத்துக்குறோம்."

கட்டிங் சாயில் ஆடை படர்ந்தது.

பிரிண்டிங் பட்டறை வேதமுத்து, விரலெல்லாம் நீல மை,
போஸ்டர் மடித்தபடி சொன்னான்:
மிசிசிப்பியிலிருந்து ஒரு கூட்டம்
பஸ் ஏறிப் போச்சு, கடலோர ஊர் ஒண்ணுக்கு.
பருத்தி பறிச்ச கை. ஓட்டுரிமை கேட்டதுக்காக
வேலை போனவங்க, லாக்கப்பில் அடி வாங்கினவங்க.
எங்க மாநிலத்துக்கு நாங்கதான் பிரதிநிதின்னாங்க.
பெரிய கட்சி ராத்திரியெல்லாம் யோசிச்சு
ரெண்டு நாற்காலி தந்துச்சு.
அதுல யார் உட்காரணும்னும் அதுவே சொல்லுச்சு.
வேண்டாம்னு எந்திரிச்சுட்டாங்க.

"ஜெயிச்சாங்களா?" என்றாள் ஜெபக்கனி.
"அன்னைக்கு இல்ல."
"பின்ன?"
"நாலு வருஷத்துல கட்சியோட விதி மாறுச்சு.
தானா மாறல."

மிசிசிப்பி எந்த வார்டு என்று கேட்டார் கட்சிக்காரர்.
நாங்கள் சிரித்து முடிப்பதற்குள்
அவர் படியிறங்கியிருந்தார்.

கவுண்டிங் ஏஜென்டாக நான்.
அந்த மெஷினில் எங்கள் மெஷினுக்கு விழுந்ததை
பூத் பூத்தாகத் தாளில் குறித்தேன்:
நாற்பத்தொன்று. அறுபத்து மூன்று. ஒன்பது.
ஒன்பதில் பேனா கொஞ்சம் நின்றது.
மொத்தம் ஆயிரத்து நூற்றேழு.
டெபாசிட் போனது, அதில் பாதி
எஸ்தர் பாக்கியத்தின் சீட்டுப் பணம்.
ஆனாலும் முதல்முறையாக
எங்களை எங்கள் பெயரில் எண்ணினார்கள்.
அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்,
வியர்வையில் எழுத்து ஊறிப்போய்.

கட்சிக்காரர் தோற்றது எழுநூறு ஓட்டில்.
ஞாயிற்றுக்கிழமை திரும்ப வந்தார்.
ஜிப் தைத்துக்கொண்டிருந்த ஜெபக்கனி
தலை நிமிராமல் சொன்னாள்:
"உட்காருங்க.
நாற்காலி இல்ல, அந்த மூட்டை மேலதான்."

மெஷின் நிற்கவில்லை.