இரவல் கண்

யாஸ்னா பயிற்சிக்குச் சேரப்போகிறாள்.
எங்கே என்பதுதான் முடிவாகவில்லை.
புந்தா அரேனாஸில் இமைமுடி ஒட்டக் கற்றுத்தர
மூன்று வழி இருக்கிறது,
மூன்றிலும் சான்றிதழில் பொன்னிற முத்திரை.

"உன் கண்ணைக் கொஞ்சம் கடன் கொடு" என்றாள்
நண்டுத் தொழிற்சாலையின் பதினோரு மணி இடைவேளையில்.
"நீ மாடலாகப் படுத்துக்கொள். நான் பார்க்கிறேன்."
பணம் கேட்டிருந்தால் யோசித்திருப்பேன்.
கண்தானே, கொடுத்தேன்.

பத்து வருடமாக ஒரே மேசையில்
வெந்த சதையிலிருந்து ஓட்டுச் சில்லை
இடுக்கியால் எடுக்கிறோம் இருவரும்.
அவள் கை நடுங்கி நான் பார்த்ததில்லை,
புருஷன் படகு இரண்டு நாள் திரும்பாத அந்த ஜூலையில்கூட.

முதலாவது, ஓட்டல் அறை. ஒரே நாள்.
சாந்தியாகோவிலிருந்து விமானத்தில் வந்த ஹசிந்தா.
பன்னிரண்டு பேருக்குப் பதினோரு ரப்பர் தலைகள்,
மூச்சுவிட்ட தலை என்னுடையது மட்டும்.
கீழ் இமையில் ஜெல் பட்டை. பிறகு இருட்டு.
இமைப்பொழுது என்று நேரத்துக்குப் பெயர் வைத்தவர்
இரண்டு மணி நேரம் இமை மூடிக் கிடந்தவராக இருக்க முடியாது.
காதுதான் மிச்சம்:
ஒரு ஜோடிக்கு எவ்வளவு வாங்கலாம்,
வாரத்துக்கு எத்தனை ஜோடி,
எத்தனை மாதத்தில் கார்.
பசை என்ற சொல் ஒரே முறை வந்தது, விலையோடு.
பின்வரிசையிலிருந்து யாஸ்னாவின் குரல்:
"கணப்பு எரியும் வீட்டில் காற்று வறண்டு கிடக்குமே,
பசை எத்தனை நொடியில் பிடிக்கும்?"
ஹசிந்தா நல்ல கேள்வி என்றாள்.
நல்ல கேள்வி அங்கேயே நின்றது.

மறுநாள் நீரிணைப் பக்கமிருந்து காற்று கிளம்பியபோது
மூன்று நான்கு முடி ஒன்றாய் ஒட்டிய ஒரு கொத்து
தாழிடாத சன்னலாய் அடித்துக்கொண்டது
என் இடது கண்ணில்.
குளியலறையில் நின்று பிடுங்கினேன்.
என்னுடையதும் சேர்ந்து வந்தது.

இரண்டாவது, திரையில். நாற்பது காணொளி, பாதி விலை.
மூன்றைப் பார்த்துவிட்டு யாஸ்னா போனைக் கவிழ்த்தாள்:
"நான் தப்பாகப் பிடித்தால்
இது ஒரு இருமலாவது இருமுமா?"

மூன்றாவது, சலவைக் கடை மாடியில்.
ஐந்து வாரம். கட்டணம், ஒன்றரை மாதக் கூலி.
சுவரில் முத்திரைக்குப் பதில் ஈரப்பதமானி.
மிலென்கா என்ற பெண், என் மூத்தவளைவிடச் சின்னவள்,
விளக்கை இழுத்துக் குனிந்தாள்.
வெகுநேரம் பேசவில்லை.
"யார் பிய்த்தது?"
சொன்னேன்.
"இன்றைக்கு ஒட்ட மாட்டேன். இரண்டு மாதம் போகட்டும்.
இது தாங்காது."
மாடலையே திருப்பி அனுப்பினால்
வகுப்பை எப்படிக் காட்டுவாய் என்றேன், கொஞ்சம் கோபமாக.
ஒரு பஸ் பிடித்து, வேலையில் அரை நாள் விட்டு வந்திருந்தேன்.

"கண்ணை மூடுங்கள்" என்றாள்.
"பசை இல்லை, மருந்து இல்லை.
வலது கண்ணில் நல்ல முடி இருக்கிறது.
நூற்றில் ஒன்றைத் தனியே பிரிக்க வேண்டும்,
பக்கத்து முடிக்குத் தெரியாமல்.
மிச்சமெல்லாம் அதற்கப்புறம்."

கீழே சலவை எந்திரம் ஒரு சுற்று முடித்து நின்றது.
இடுக்கியின் நுனி வந்தது, குளிர்ச்சியாக.
நெற்றியில் விழுந்த மூச்சில்
எலுமிச்சை தேய்த்தும் போகாத நண்டு வாடை.
மிலென்கா அல்ல.

பத்து வருடத்தில் முதல் முறையாக
அவள் கை நடுங்கியது.
ஒரு முடியின் அளவுக்குத்தான்.
அது எனக்கு மட்டும் தெரியும்,
என் இமைக்கு.

பணத்தை இரண்டு தவணையாகக் கட்டினாள்.

நான் கண்ணாடி பார்ப்பதை நிறுத்தியிருக்கிறேன்.
இடது கண்ணில் வேலி இல்லை,
தெருத் தூசி எல்லாம் உள்ளே வருகிறது.
மேசையில் யாஸ்னா வழக்கம்போல்
சில்லு சில்லாக எடுக்கிறாள்.
இப்போதெல்லாம் கொஞ்சம் மெதுவாக.
மேற்பார்வையாளர் எழுதி வைத்துக்கொள்கிறார்.