வலது கண், வீரவநல்லூர் பிரிவு

முதலில் பல்வலி என்றுதான் சொன்னார்.
கொரோனாவில் படுத்து எழுந்து பதினாறு நாள்.
கிராம்பு வைத்தேன்.
‘கன்னம் மரத்துப்போச்சு கோமு’ என்றார்.
கிராம்பு வேலை செய்கிறது என்று நினைத்துவிட்டேன்.

மூச்சுக்காகப் போட்ட ஊசி
சர்க்கரையை நானூற்றுப் பத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது.
ஊர்வீட்டு மீட்டரெல்லாம்
யூனிட் பிசகாமல் எழுதுகிற மனுஷர்
தன் அளவை ஒருநாளும் பார்த்ததில்லை.

மூக்கைச் சிந்தினார். கைக்குட்டையில் அடுப்புக்கரி.
மறுநாள் விடியும்போது
பாதி ஷட்டர் இறக்கிய கடைபோல இமை.
‘லைட்டைப் போடு’ என்றார்.
லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஆம்புலன்ஸ் பத்தமடை தாண்டி மேலப்பாளையம் வரும்வரை
கம்பத்து நம்பர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார்,
மிச்சமிருந்த கண்ணால்.

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா
மருந்துச்சீட்டின் பின்பக்கம் வரைந்து காட்டினாள்:
மூக்கு. பக்கத்தில் காற்றறை.
முட்டைத்தோடு கனத்தில் ஓர் எலும்பு.
அதற்கு அந்தப்பக்கம் கண்.
கண்ணுக்கும் பின்னால் ஒரு அம்புக்குறி போட்டுப்
பேனாவை மூடிவிட்டாள்.
அங்கே என்ன இருக்கிறதென்று நான் கேட்கவில்லை.

பூஞ்சை என்றாள்.
கண்ணில் பூ விழுந்ததென்றால் எங்கள் பக்கம் வெள்ளைப் பூ,
காத்திருந்து எடுக்கலாம்.
இது பூத்த இடத்தில் ரத்தம் ஓடாதாம்.
காத்திருக்கவும் கூடாதாம்.

‘கண்ணை எடுக்கணும்.’

கண்ணெடுத்தும் பார்க்கமாட்டேங்கிறீரே என்று
இருபத்திரண்டு வருஷம் சண்டை போட்டவள்
பால்வண்ணம் என்ற பெயருக்குக் கீழே
கையெழுத்துப் போட்டேன்.
உறவு என்ற இடத்தில் பேனா எழுதவில்லை.
வேறு பேனா கொடுத்தார்கள்.

வெளிச்சம் படாமல் கறுப்புத்தாள் சுற்றிய பாட்டில்,
மஞ்சள் மருந்து.
ஏறும்போதெல்லாம் கட்டிலும் சேர்ந்து நடுங்கும்.
இருபத்தெட்டு நாள்.
பக்கத்துக் கட்டிலில் மூன்று பேர் மாறினார்கள்,
மூவரும் வீட்டுக்குத்தான் போனார்களா, தெரியாது.

ஐப்பசியில் வேலைக்குப் போனார்.
ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் பிடிபடாதாம்.
காபியை டம்ளருக்கு வெளியே ஊற்றுகிறார்.
நிலைப்படியில் தோள் இடித்துக்கொள்கிறார்.
மீட்டரை மட்டும் தப்பாமல் படிக்கிறார்.
எண்களுக்கு ஆழம் கிடையாதே.

தினமும் காலையில்
அந்தக் குழியை உப்புத்தண்ணீரால் கழுவி
டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.
‘ரீடிங் சொல்லு’ என்பார்.
‘சிவப்பு. கறுப்பு இல்லை’ என்பேன்.
வேட்டிமேல் அவர் ஆள்காட்டி விரல்
எழுதிக்கொள்ளும்.