மூணு ஓட்டை மிஷின்

ஆயிரத்து நூற்றி நாற்பதுக்கு
கீழமாசி வீதியில் வாங்கிய டிரில்.
"கேரண்டி கடைவாசல் வரைக்கும்தான்க்கா"
என்றார் தஸ்தகீர்.
பொய் சொல்லாத கடைக்காரர்.
பிட்டை மட்டும் நல்லதாய் எடுத்தேன்,
நூற்றி எண்பது.

மூன்று ஓட்டை போடும்.
நாலாவதுக்குப் போனால் தீய்ந்த வாசனை.
அதனால் மூன்று போட்டு நிறுத்தி,
ஒரு டீ,
வாளியில் ஊறும் யூனிபார்மைக் கசக்கி,
மறுபடி மூன்று.

செல்லூர்ப் பழஞ்சுவர்
முதலில் மாவாய்க் கொட்டும்,
அப்புறம் செங்கல் பல்லைக் கடிக்கும்.
அமுக்கக் கூடாது.
வெளியே இழுத்து, தூசியைத் துப்பவிட்டு,
திரும்ப உள்ளே.
ரசமட்டம் வாங்கவில்லை.
பாதித் தண்ணீரோடு ஒரு சோடா பாட்டில்
போதும் என்று நினைத்தேன்.

கீழ்வீட்டு பிலோமினா இரவல் கேட்டாள்.
மூன்றுக்கு மேல் வேண்டாம் என்றுதான் கொடுத்தேன்.
பதினொன்று போட்டிருக்கிறாள்.
கார்பன் மாற்ற இருபது ரூபாய்,
அவளே தந்தாள்,
ஒரு கிண்ணம் மீன்குழம்போடு.

எனக்கும் இப்படி ஒரு வாசனை வந்தால்
வீட்டில் யாராவது
சுவிட்சைத் தேடியிருப்பார்கள்.

பலகை ஏறிவிட்டது.
கிழக்கே ஒரு நூல் சாய்வு.
வெங்காயம்தான் உருளுகிறது.
அதைக் கீழே வைத்துக்கொள்ளலாம்.