சர்வே எண் 118/2

பதினோரு மாதமாக கேமரா
பீரோவில், பட்டுச்சேலைகளுக்குக் கீழே.
லென்சில் பூஞ்சை பிடித்திருக்கும்.
திறந்து பார்க்கவில்லை.
நானூறு தாலிகட்டு எடுத்தாயிற்று,
எல்லா மாப்பிள்ளைக்கும் ஒரே முகம்.

வெண்ணாறு உடைத்துக்கொண்ட மறுநாள்
ரெஜினா வந்தாள்.
"இன்சூரன்சுக்கு ஒரு போட்டோண்ணே.
வயலும் தெரியணும், நானும் தெரியணும்.
எம் போன்ல எல்லாம் வெள்ளையா விழுது."

முழங்கால் தண்ணீரில் நின்றாள்,
ஆதார் அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்து.
பின்னால் வரப்பே இல்லை.
வானத்தை நட்டுவைத்த மாதிரி கிடந்தது;
அதற்கடியில் எங்கேயோ
இருபது நாள் சம்பா.

எடுத்தேன்.
"போதும்ணே, ஆபீசர் ஒண்ணுதான் கேட்டாரு."
கரையேறிவிட்டாள்.

நான் ஏறவில்லை.
மோட்டார் கொட்டகைக் கூரையில்
ஒரு நீர்க்காகம்
சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது.
மேகம் இன்னும் கொஞ்சம் விலகட்டும் என்று நின்றேன்.
காலில் ஏதோ கடித்தது.
பூஞ்சை இருந்தது, இடது மூலையில், பாசி மாதிரி.
இருக்கட்டும்.

அவள் பயிர் அழுகுகிறது,
நான் வெளிச்சத்துக்குக் காத்திருக்கிறேன்.
வெட்கமாகத்தான் இருந்தது.

நாற்பத்தோராவது படத்தில்
அது பறந்துவிட்டது.
தண்ணீர் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.
அதையும் எடுத்தேன்.